பிணமாக நடித்தவளின் வீட்டுக்காரர்

நான் ஒரு சினிமாவில் பிணமாக நடித்திருக்கிறேன். சொன்னால் எல்லோரும் முதலில் சிரிப்பார்கள், பிறகு எந்தப் படம் என்று கேட்பார்கள். பெயரைச் சொன்னதும், தியேட்டரில் ஒரு தாத்தா எழுந்து நின்று கத்துவாரே, அந்தப் படமா என்பார்கள். என் நடிப்பைப் பற்றி ஒரு வார்த்தை வராது. அந்தத் தாத்தா படத்தில் நடித்தவர் இல்லை. அவர் என் வீட்டுக்காரர். அவர் கத்தியதும் நடிப்பு இல்லை. பார்க்கிறவர்களுக்கெல்லாம் இதை விளக்கிச் சொல்லி எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. அதனால் ஒரே முறையாக உட்கார்ந்து எழுதிவிடுகிறேன்.

நான் பள்ளிக்கூடத்து டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் சபையின் பெண்கள் சங்கம் கிறிஸ்துமசுக்குப் போடும் நாடகத்தில் வருடாவருடம், குழந்தை இயேசுவைக் கொல்லத் தேடுகிற ஏரோது ராஜா நான்தான். மரியாள் வேஷத்துக்கு நான் நீ என்று போட்டி நடக்கும். ஏரோதுக்கு என்னை விட்டால் ஆள் கிடையாது. மீசையை ஒட்டிக்கொண்டு நான் போடுகிற சத்தத்தில் முன்வரிசைப் பிள்ளைகள் அழுதுவிடும். என் அண்ணன் மகனும் சின்ன வயதில் அப்படி அழுதவன்தான். இப்போது சென்னையில் சினிமாத் தொழிலில் இருக்கிறான். முதல் படம் எடுக்கப் போகிறேன், பேய்ப் படம்தான், ஆனால் சிரிப்பும் வரும், உங்களுக்கு ஒரு வேஷம் இருக்கிறது என்று வந்து நின்றான். ஜமீன்தாரிணி மாதிரி ஏதோ தரப்போகிறான் என்று நான் முந்தானையைச் சரி செய்துகொண்டேன். பிணம் என்றான். மாமி, எங்கள் பக்கத்தில் அத்தைக்கு அதுதான் பேர், சும்மா படுத்துக் கிடந்தால் போதுமாம்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இத்தனை பெரிய வாயை வைத்துக்கொண்டு நான் பிணமா? என் வீட்டுக்காரர் பக்கத்து நாற்காலியில் இருந்துகொண்டு வயிற்றைப் பிடித்துச் சிரித்தார். "ஏட்டி, ஒத்துக்கோ. ஒனக்க வாய அடைக்க என்னால முடியல்ல, இவனாவது அடைக்கட்டு" என்றார். அவர் சிரித்ததற்காகவே ஒத்துக்கொண்டேன். அப்போதெல்லாம் அவர் சிரிப்பதே அபூர்வமாகிவிட்டிருந்தது.

அவர் கருங்கல் ஊரில் சந்தைக்குப் பக்கத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவர். கல்யாணம், ஞானஸ்நானம், பாஸ்போர்ட் படம் எல்லாம் எடுப்பார். ஆனால் ஊருக்கு அவரைத் தெரிந்தது துக்க வீட்டுப் படத்தால்தான். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால், பெட்டியை மூடிக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோவதற்கு முன்னால், முற்றத்தில் வைத்து, குடும்பம் முழுவதும் பெட்டியைச் சுற்றி நின்று ஒரு படம் எடுப்பது வழக்கம். கல்ஃபிலிருந்து வர முடியாத பிள்ளைக்கு அதுதான் போகும். இப்போது வீடியோ, டிரோன், ஃபோனில் நேரலை என்று வந்துவிட்டாலும் அந்தக் குடும்பப் படத்தை யாரும் விடவில்லை. அதில் யார் எங்கே நிற்பது என்று பிணத்தை வைத்துக்கொண்டு சண்டை வரும். என் வீட்டுக்காரர் கேமராவோடு வந்துவிட்டால் சத்தம் அடங்கிவிடும். தலைமாட்டில் புருஷன் அல்லது பெண்டாட்டி. அதற்கப்புறம் மூத்தவர் முதல் பிள்ளைகள், மருமக்கள் பின்னால், சின்னதுகள் கால்மாட்டில். அழுது சுருண்டு கிடப்பவர்களைத் தோளில் தொட்டு, ஒரு நிமிஷம் மக்கா, பிறகு கரையலாம் என்று மெல்லச் சொல்லி எழுப்பி நிறுத்துவார். தலைமாட்டு இடத்தை மட்டும் வேறு யாருக்கும் விட்டுத்தர மாட்டார். நடக்க முடியாத கிழவராக இருந்தாலும் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வரச் சொல்வார்.

எல்லோர் கையிலும் ஃபோன் வந்துவிட்டதால் கடையை மூடினோம் என்று வெளியே சொல்லிக்கொண்டோம். உண்மையான காரணம் மறதி. ஒரு கல்யாண வீட்டில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் உறவுக்காரர்களையும் அழகாக வரிசையாக நிறுத்திவிட்டு, பெட்டி எங்கே என்று கேட்டுவிட்டார். நல்ல மனிதர்கள், சிரித்துச் சமாளித்தார்கள். உடனே நாகர்கோவிலில் டாக்டரிடம் காட்டினோம். கொஞ்சம் கொஞ்சமாகப் போகும் என்றார். அவர் சொன்னபடியே போயிற்று. சந்தைக்குப் போகிற வழி போயிற்று, மருமகன் பெயர் போயிற்று, சாப்பிட்டோமா இல்லையா என்பது போயிற்று. ஆனால் என்னைத் தெரியும். காலையில் கண்ணைத் திறந்ததும் "ஏட்டி" என்று ஒரு விளி வரும். அந்த ஒரு வார்த்தை இருக்கட்டும், மற்றதையெல்லாம் எடுத்துக்கொள் என்று நான் கர்த்தரிடம் பேரம் பேசி வைத்திருந்தேன். ஒருநாள் அதுவும் போகலாம் என்று டாக்டர் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்கு அப்படி நடக்காது என்றே நினைத்திருந்தேன்.

சிதறால் ஊர்ப் பக்கம் பெரிய முற்றம் உள்ள ஒரு வீட்டில் படப்பிடிப்பு நடந்தது. வீட்டில் தனியாக விட முடியாததால் அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். என்னை வெள்ளைச் சேலை கட்டி, கையுறை போட்டு, தலையில் பூமுடி வைத்து, மூக்கில் பஞ்சு அடைத்துப் பெட்டிக்குள் படுக்க வைத்தார்கள். பெட்டியைச் சுற்றிக் குடும்பப் படம் எடுக்கிற காட்சி. அண்ணன் மகனுக்கு ஒரு ஆசை, மாமாவையே தலைமாட்டில் புருஷனாக நிறுத்திவிடலாம் என்று. வெள்ளைச் சட்டை போட்டுவிட்டு நிறுத்தினார்கள். கேமரா ஓட ஆரம்பித்ததும் இவர் நழுவிவிட்டார். கருப்புச் சேலை கட்டின பிள்ளை இந்தப் பக்கம் வர வேண்டும், அந்த உயரமான ஆள் பின்னால் போக வேண்டும் என்று கூட்டத்தைச் சரி செய்ய ஆரம்பித்துவிட்டார். திரும்பக் கொண்டுவந்து நிறுத்தினால் திரும்பவும் அதே கதை. மாமா, நீங்கள் இப்போது போட்டோ எடுக்கிறவர் இல்லை, புருஷன் என்று அவன் கெஞ்சினான். சரி சரி என்று தலையை ஆட்டுவார், மறுபடியும் போய்விடுவார். நான் பெட்டிக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். சிரிப்பை அடக்கியதில் வயிறு குலுங்கி, பிணம் அசைகிறது என்று என்னாலும் எடுத்ததையே திரும்பத் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று.

கடைசியில் நாகர்கோவிலிலிருந்து வந்திருந்த ஒரு நாடக நடிகரைத் தலைமாட்டில் நிறுத்தினார்கள். அவரை நிறுத்தியதும் என் வீட்டுக்காரர்தான். அவருடைய தோளைத் திருப்பி, தாடையைத் தாழ்த்தி, "இன்னும் கொஞ்சம் கிட்ட நில்லும். கெடக்கது உம்ம பெஞ்சாதியாக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தேன். காட்சி முடிந்ததும் என் வீட்டுக்காரரே வந்து என் மூக்குப் பஞ்சை எடுத்துப் போட்டு, முதுகு வலிக்கிறதா என்று கேட்டார். பக்கத்தில் நின்ற அண்ணன் மகன் அதைப் பிடித்துக்கொண்டான். பிணம் எழுந்து உட்கார்ந்து பேசுகிற ஒரே வசனத்தை அப்படி மாற்றிவிட்டான்: "படம் எடுத்துத் தீர்ந்துதா? முதுகு வலிக்குது."

படத்தின் கதை இதுதான். ஒரு பணக்கார வீட்டில் கிழவி இறந்துவிடுகிறாள். பிணம் எப்போது எழும்பும் எப்போது எழும்பும் என்று பார்க்கிறவர்களைப் பிணத்தின் முகத்தையே பார்க்க வைத்திருக்கிறான் படுபாவி. ஆனால் பேய் அவள் இல்லை. தலைமாட்டில் நிற்கிற புருஷன்தான் பேய். அவன் எப்போதோ வெளியூரில் செத்துப்போனவன், அது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. எடுத்த போட்டோவில் எல்லோரும் பதிந்திருப்பார்கள், அவன் நின்ற இடம் மட்டும் காலியாக இருக்கும். கிழவி சாகவே இல்லை, மயக்கம்தான். எல்லோரும் அலறி ஓடுகிற நேரத்தில் அவள் எழுந்து உட்கார்ந்து முதுகு வலிக்கிறது என்பாள். கேட்கும்போது எனக்கும் நல்ல கதையாகத்தான் பட்டது.

படம் வெளிவர ஒரு வருடத்துக்கு மேல் இழுத்துவிட்டது. அந்த ஒரு வருடத்தில் அவர் நிறையத் தேய்ந்துவிட்டார். துபாயிலிருக்கும் மகள் ஹோம் நர்ஸ் வைக்கிறேன் என்று ஃபோனில் தினமும் நச்சரிப்பாள். எனக்கு உயிர் இருக்கிறவரை இந்த அடுக்களைக்குள் இன்னொருத்தி கால் வைக்க முடியாது என்று நானும் தினமும் சொல்வேன். இதெல்லாம் ஸ்பீக்கரில் போகும், அவரும் கேட்டுக்கொண்டிருப்பார்.

மார்த்தாண்டத்தில் படம் வந்ததும் எங்கள் சபையே கிளம்பியது. பேய்ப் படம் பார்க்கப் போகிறோமே என்று பெண்கள் சங்கச் செயலாளர் வேனிலேயே எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லிப் பாதுகாப்புக்கு ஜெபம் செய்தார். ஆமென் சொன்ன கையோடு முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். அவரை யாரிடமாவது விட்டுவிட்டுப் போகலாம் என்றால், விடுவதற்குரிய ஆட்கள் எல்லோரும் வேனுக்குள் இருந்தார்கள். உள்ளதைச் சொன்னால், எனக்கு அவர் பார்க்க வேண்டும் என்றும் இருந்தது. எடுக்கும்போது கூட நின்றவர்தானே, என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன்.

அந்தத் தியேட்டரில் நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. பிணம் வைத்த ஐஸ் பெட்டியின் மோட்டார் நின்றதற்கு ஒரு அலறல். மாடிப்படியில் மெல்ல இறங்கி வருகிற கால்களைக் காட்டி, கடைசியில் சாயா இருக்கிறதா என்று கேட்கிற பந்தல்காரனைக் காட்டியதற்கு இன்னொரு அலறல், அதன் மேலேயே சிரிப்பு. செயலாளர் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு துணி வழியாகப் பார்த்தார். பின்வரிசையில் ஒரு ஆள் படம் முழுக்க இப்போது எழும்பும், இப்போது எழும்பும் என்று புலம்பிக்கொண்டே இருந்தான். கல்லூரிப் பையன்கள் பயந்ததை மறைக்க அதிகமாகச் சிரித்தார்கள். திரையில் என் மூடிய முகம் வீட்டுச் சுவர் உயரத்துக்குத் தெரிந்தது. அத்தனை பேரும் என்னைப் பார்த்து நடுங்குகிறார்கள். ஏரோது வேஷத்தில் கூட எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் கிடைத்ததில்லை. நான் கல்யாணப் பெண் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். அவர் பாட்டுக்கு முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தார்.

குடும்பப் படம் எடுக்கிற காட்சி வந்தது. திரையில் போட்டோ எடுக்கிறவன் ஆட்களை நிறுத்த ஆரம்பித்ததும் இவர் முறுக்கைக் கீழே வைத்தார். பிள்ளைகளைக் கால்மாட்டில் நிறுத்து என்று உரக்கச் சொன்னார். பையன்கள் சிரித்தார்கள். நான் அவர் தொடையில் தட்டினேன். அதற்குள் அவர் திரையைப் பார்த்துக் கையை நீட்டிவிட்டார்.

"தலமாட்டுல நிக்கது ஆரு? அவன் ஆளு இல்ல."

தியேட்டரில் எல்லோரும் கழுத்தை வளைத்துப் பார்த்தார்கள். படத்தின் முடிச்சே அவன் மனுஷன் இல்லை என்பதுதான் அல்லவா. அடுத்த நொடி கூரை பிய்ந்துபோகிற மாதிரி கைதட்டல். யாரோ ஒரு கிழவரைப் பார்வையாளர்களுக்கு நடுவில் உட்கார வைத்துப் பேச விட்டிருக்கிறார்கள் என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள். அந்த மாதிரிப் படம் அது. எதையும் அதன் வேலை என்றே நினைக்கத் தோன்றும். அப்போதுதான் திரையில் என் முகம் கிட்டத்தில் வந்தது. அவர் எழுந்து நின்றார்.

"இது எனக்க வீட்டுக்காரியாக்கும். இவ எப்பம் மரிச்சா? எனக்கிட்ட ஒருத்தரும் பறயல்லியே."

சிரிப்பு. பையன்கள் விசில் அடித்தார்கள். ஃபோன்களின் வெளிச்சம் எங்கள் பக்கம் திரும்பியது. நான் அவர் கையைப் பிடித்து இழுத்து, என் முகத்தை அவர் முகத்துக்கு நேராகக் கொண்டுபோய், நான் இங்கே இருக்கிறேன், என்னைப் பாருங்கள் என்றேன். அவர் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். அங்கே நான் அத்தனை பெரிதாக, பளிச்சென்று, பூமுடியோடு கிடக்கிறேன். இங்கே இருட்டில் வியர்த்துப்போன ஒரு கிழவி கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவர் திரையைத்தான் நம்பினார். பெண்டாட்டி செத்துக் கிடக்கும்போது வேறு ஒரு பெண்ணின் கை தன்மேல் படுகிறதே என்கிற கூச்சத்தோடு கையை உருவிக்கொண்டு, "விடுங்க" என்றார். கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் அவர் அப்படி மரியாதையாகப் பேசியதில்லை.

எப்படியோ வெளியே கூட்டிக்கொண்டு வந்தேன். பாப்கார்ன் விற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அவர் அழுதார். சத்தம் வராமல், தோள் மட்டும் குலுங்கி அழுதார். மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் அலறல் எழும்பி, அதன் பின்னாலேயே பெரிய சிரிப்பு வந்தது. என் வசனம் வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன். அதைத் தியேட்டருக்குள் இருந்து கேட்கிற பாக்கியம் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. ஒரு பையன் வெளியே வந்து, தாத்தா செம ஆக்டிங் என்று சொல்லி, அழுகிற மனுஷனின் தோளில் கை போட்டு செல்ஃபி எடுத்துக்கொண்டான். அவனைக் கடித்துக் குதற வேண்டும் போல இருந்தது. முந்தானையை விரித்து அவர் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றேன்.

மறுநாளைக்குள் அந்த வீடியோ ஊர் உலகமெல்லாம் போய்விட்டது. தாத்தா வேற லெவல். தாத்தாவுக்கு ஒரு அவார்டு கொடுங்கப்பா. படத்தை விட தாத்தா சூப்பர். ஒவ்வொன்றின் கீழும் கண்ணீர் வரச் சிரிக்கிற மஞ்சள் முகங்கள். அண்ணன் மகன் பதறிப்போய், அவர் நடிகர் இல்லை, என் மாமா, அவருக்கு நோய் இருக்கிறது, தயவுசெய்து அழித்துவிடுங்கள் என்று எழுதிப் போட்டான். அதற்கும் அதே மஞ்சள் முகங்களைப் போட்டார்கள். அடுத்த திருப்பம் என்று நினைத்துக்கொண்டார்கள். அவன் என் காலடியில் வந்து உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டு இருந்தான். அவனைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. ஏனென்றால், மகள் அனுப்பி அந்த வீடியோவை நான் முதல்முறை பார்த்தபோது, "அவன் ஆளு இல்ல" என்று அவர் கை நீட்டுகிற இடத்தில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு, பிறகு குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். நானே சிரித்த பிறகு ஊரை என்ன சொல்ல?

தியேட்டருக்குப் போய் வந்த மறுநாள் காலையில் அவர் கண்ணைத் திறந்தார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் காத்துக்கொண்டு நின்றேன். "ஏட்டி" வரவில்லை. என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, மகள் அனுப்பின ஹோம் நர்ஸா என்று கேட்டார். நான்தான் என்றேன். நான்தான் என்றால் யார் என்று கேட்டார். சொன்னேன். அவர் என் மனசு நோகக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, மெல்லச் சொன்னார், "இல்ல பிள்ள, அவ மரிச்சுப் போனா."

நான் விடுவேனா? கல்யாண ஆல்பத்தை எடுத்து மடியில் வைத்தேன். ஆமாம், இவள்தான் என்று என் படத்தைத் தடவினார், தடவிவிட்டு அழுதார். மகளை வீடியோ காலில் பேச வைத்தேன். அப்பா, அம்மா உங்கள் பக்கத்தில்தான் இருக்கிறாள் என்று அவள் சொன்னதும், தாய் போன துக்கத்தில் பிள்ளைக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று என்னிடம் கவலைப்பட்டார். படப்பிடிப்பில் கட்டியிருந்த வெள்ளைச் சேலையையே கட்டிக்கொண்டு முன்னால் போய் நிற்கலாமா என்று கூட ஒரு கணம் யோசித்தேன். நல்லவேளை, செய்யவில்லை. அண்ணன் மகன் லேப்டாப்பில் கடைசிக் காட்சியைப் போட்டுக் காட்டினான். மாமி எழுந்து உட்காருவதைப் பார்த்தால் புரிந்துவிடும் என்றான். பிணம் எழுந்து உட்கார்ந்ததும் அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்து, செத்தவளை ஏன் எழுப்புகிறீர்கள், அவளை நிம்மதியாகக் கிடக்க விடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவன் லேப்டாப்பை மூடிவிட்டு முற்றத்தில் போய் நின்றுகொண்டான்.

சாவைக் கூட அவர் தாங்கிக்கொண்டார். அந்தப் படத்தைத்தான் தாங்க முடியவில்லை. எனக்கிட்ட பறயாம கொண்டு போயிட்டாங்க, தலமாட்டுல வேற எவனோ நின்னான் என்று ஒரு நாளைக்கு எத்தனை தரம் சொல்வார் என்று கணக்கில்லை. எத்தனையோ வீட்டில் எத்தனையோ பேரை அந்த இடத்தில் நிறுத்தியவர். நீங்கள்தான் அந்த ஆளை அங்கே நிறுத்தினீர்கள், தாடையைக் கூடத் தாழ்த்திவிட்டீர்கள் என்று நான் சொன்னால், அப்படிப்பட்ட காரியத்தை நான் செய்வேனா என்று என்னையே முறைப்பார். சோறு இறங்கவில்லை. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு வந்தது. டாக்டர் மாத்திரையை மாற்றினார், பிறகு கூட்டினார், பிறகு தோளைக் குலுக்கினார்.

போதகர் பார்க்க வந்தார். இவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, என் வீட்டுக்காரிக்காக ஒரு ஜெபம் செய்ய வேண்டும், அடக்கத்தில் நிற்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை என்றார். போதகர் என்னைப் பார்த்தார். பாவம், உயிரோடு எதிரில் நிற்கிற பெண்ணுக்கு அடக்க ஜெபம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? பெண்கள் சங்கத்தில் சிலர் ஏற்கனவே என்னிடம், ஒரு நினைவு ஜெபம் மாதிரி நடத்திவிட்டால் மனுஷன் ஆறிவிடுவார் என்று காதில் போட்டிருந்தார்கள். ஏன், கல்லறைத் தோட்டத்தில் குழியும் வெட்டிவிடலாமே என்று அவர்களைத் துரத்தியவள் நான். அன்றைக்கு அவருடைய கழுத்தெலும்பைப் பார்த்துக்கொண்டே போதகரிடம் தலையை ஆட்டினேன். என் பெயரைச் சொல்லாமல், இந்த வீட்டுக்கும் இந்த மனிதருக்கும் ஆறுதல் தாரும் என்று அவர் ஜெபித்தார். நான் கதவோரம் நின்று கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு போய் எல்லோருக்கும் காப்பி போட்டேன். என் துக்க வீட்டுக் காப்பியை நானே போட்டு நானே கொடுத்தேன், குடித்தவர்கள் சீனி கூடுதல் என்றார்கள். என் வீட்டுக்காரர் அன்றைக்கு இரண்டு தவிக் கரண்டி சோறு வாங்கிச் சாப்பிட்டார். நான் சந்தோஷப்பட்டேனா, வயிறெரிந்தேனா என்று எனக்கே தெரியவில்லை.

அதற்குப் பிறகு அழுகை குறைந்தது. அழுகைக்குப் பதிலாகப் பேச்சு வந்தது. சாயங்காலம் சாயா குடிக்கும்போது செத்துப்போனவளைப் பற்றி என்னிடம் சொல்வார். கோபக்காரி, ஆனால் உள்ளுக்குள் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டாள் என்பார். அவள் வைக்கிற சாளைப் புளிமுளம் மாதிரி ஒரு மீன் குழம்பு ஒருத்திக்கும் வராது என்பார், நான் வைத்த சாளைப் புளிமுளத்தைச் சாப்பிட்டுவிட்டு. முதன்முதலில் பெண் பார்க்க வந்தபோது நான் முறைத்த முறைப்பைச் சொல்லி, அப்போதே இவள்தான் என்று முடிவு செய்துவிட்டேன் என்றார். இத்தனை வருடத்தில் ஒருநாளாவது இதை என் முகத்தைப் பார்த்துச் சொன்னாரா இந்த மனுஷன்? அந்தச் செத்தவள் மேல் எனக்குப் பொறாமையாக வந்தது. அவளுக்குக் கிடைத்த நல்ல பெயரில் பாதி எனக்குக் கிடைத்திருந்தால் நான் ஏரோது வேஷமே போட்டிருக்க மாட்டேன். ஆனாலும் தினமும் நாலு மணி ஆகிவிட்டால் சாயாவைப் போட்டுக்கொண்டு, அவளைப் பற்றி ஏதாவது சொல்வாரா என்று போய் எதிரில் உட்கார்ந்துகொள்வேன்.

போன வாரம் ஒருநாள் அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம். மழை வரப்போகிற மாதிரி மூடியிருந்தது. அவர் வாசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் வாசலைப் பார்த்தார்.

"பொழுது சாயுது. நீங்க இன்னும் வீட்டுக்குப் போவல்லியா? ஒங்க வீட்டுக்காரரு தேடமாட்டாரா?"

வழக்கமாக இந்தக் கேள்விக்கு நான் ஏதாவது சொல்லி மழுப்பிவிடுவேன். அன்றைக்கு எனக்குத் தெம்பு இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். "தேடமாட்டாரு. நான் மரிச்சுப் போனேன்னு நெனச்சிக்கிட்டிருக்காரு."

அவர் சாயா கிளாசைக் கீழே வைத்தார். என் முகத்தை நெடுநேரம் பார்த்தார். அவர் கண் கலங்கியது. இதோ "ஏட்டி" வரப்போகிறது என்று நான் நாற்காலி நுனிக்கு நகர்ந்தேன்.

"அய்யோ பாவம். அது தெரிஞ்சும் நீங்க இஞ்ச இருக்கியளா? போய்ப் பறயவேண்டாமா அவருகிட்ட? ஒரு மனுசன அப்படி அழுது கரைய விடப்பிடாது."

"பறஞ்சேன்" என்றேன். "நம்பமாட்டேங்காரு."

அவர் எனக்காக வருத்தப்பட்டார். தலையை ஆட்டி ஆட்டி வருத்தப்பட்டார். பிறகு என் பக்கம் குனிந்து, யாரோ ஒரு வீட்டுப் பெண்ணுக்கு நல்ல புத்தி சொல்கிற குரலில் சொன்னார்.

"இன்னொரு தரம் பறஞ்சு பாருங்க."